வேட்டைக்குப் போகாதவருக்கு ஒரு நல்ல வேட்டை ரைஃபிள்: வாங்குவது முதல் கைமாற்றுவது வரை

வேட்டைக்குப் போவதில்லை, போகிற எண்ணமும் இல்லை. ஆனாலும் நல்ல வேட்டை ரைஃபிள் ஒன்று வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக எழுதுவது இது. ஆசையில் தப்பு எதுவும் இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் அரமும் உளியும் பிடித்து யாரோ இழைத்த எஃகும் மரமும் இன்றைக்கும் இம்மி ஆடாமல் பொருந்தி நிற்பதைப் பார்த்து மயங்க, மிருகத்தைக் கொல்ல வேண்டிய அவசியம் கிடையாது.

சொல்லப்போனால் வேட்டைக்காரரைவிட உங்களுக்குச் சுதந்திரம் அதிகம். மழை, சேறு, மலை ஏறும்போது தோளில் அழுத்தும் எடை, எந்த மிருகத்துக்கு எவ்வளவு சக்தி என்று அவர் எல்லாவற்றையும் யோசித்தாக வேண்டும். தோளில் ஊன்றும் பிளாஸ்டிக் கட்டையும் துருப்பிடிக்காத எஃகுக் குழலும் அவருக்குப் புத்திசாலித்தனமான தேர்வு. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேலைப்பாட்டை மட்டும் பார்த்து வாங்கலாம். ஆனால் அதே காரணத்தால் ஒரு பொறுப்பும் வந்து சேர்கிறது. அவருடைய ரைஃபிள் சீசனுக்கு ஒரு தடவையாவது வெளியே வந்துவிடும். உங்களுடையதை நீங்களாக எடுத்தால்தான் உண்டு. காட்டில் நனைந்து அன்றே துடைக்கப்பட்ட ரைஃபிளைவிட, அலமாரியில் மறந்துபோன ரைஃபிள்தான் மோசமாகக் கெடுகிறது. எனவே இந்த வழிகாட்டியில் வாங்குவதைப் பற்றி எவ்வளவு சொல்கிறேனோ, அதே அளவு சுடுவதையும் பராமரிப்பதையும் பற்றியும் சொல்கிறேன்.

முதல் படி: சட்டம்

பணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். பல நாடுகளில் உரிமம் கேட்டுப் போனால் காரணம் கேட்பார்கள். வேட்டை, இலக்குச் சுடும் விளையாட்டு, சேகரிப்பு என்று ஒவ்வொரு காரணத்துக்கும் தனி விதி, தனி நிபந்தனை இருக்கும். வேட்டையாடாதவர் விண்ணப்பத்தில் ‘வேட்டை’ என்று எழுதக் கூடாது. அது எளிதான வழி என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். பொய்யான காரணத்தில் வாங்கிய உரிமம் எப்போது வேண்டுமானாலும் பறிபோகும். அதோடு ரைஃபிளும் போகும். உங்களுக்குப் பொருந்தும் வழி பெரும்பாலும் துப்பாக்கி கிளப் வழியாகத்தான் இருக்கும். உறுப்பினராகி, பயிற்சி முடித்து, இலக்குச் சுடுதலைக் காரணமாகக் காட்டுவது நேர்மையானது. நீங்கள் உண்மையிலேயே செய்யப்போவதும் அதுதான்.

ராணுவத்தில் புழங்கிய தோட்டா அளவுகளைத் தனியாருக்குத் தராத நாடுகள் இருக்கின்றன. நீங்கள் ஆசைப்பட்ட ரைஃபிள் அந்தப் பட்டியலில் விழுகிறதா என்று உரிமம் தரும் அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய ஆங்கிலேய ரைஃபிள்கள் சிலவற்றில் குழல் நுனியில் குறி பார்க்க வைத்த முன்குறியின் வெள்ளை மணி யானைத் தந்தத்தில் செய்யப்பட்டிருக்கும். அவ்வளவு சின்ன மணிக்கும் வனவிலங்கு வணிகச் சட்டம் பொருந்தும். எல்லையில் மாட்டிக்கொண்டால் மீட்பது பெரும்பாடு.

செயலிழக்கச் செய்த துப்பாக்கியை வாங்கி மாட்டி வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். குழலில் வெட்டு, போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்பக்கத்தை மூடும் எஃகுத் தண்டு) வெல்டிங் என்று அதன் உயிரையே எடுத்துவிடுகிறார்கள். எந்த இயக்கத்தைப் பார்த்து ஆசைப்பட்டோமோ அதுவே அதில் இருக்காது.

இரண்டாம் படி: எந்த வகை

வேலைப்பாட்டுக்காக வாங்குவதென்றால் மவுசர் 98-இல் இருந்து தொடங்குவது நல்லது. பால் மவுசர் ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் நகரில் உருவாக்கிய 1898-ஆம் ஆண்டு வடிவம் இது. பிறகு வந்த நல்ல போல்ட் ரைஃபிள்களில் முக்கால்வாசி ஏதோ ஒரு வகையில் இதற்குக் கடன்பட்டவை. அதன் போல்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் நீளமாக ஓர் எஃகு நகம் ஓடும். போல்ட்டை மெதுவாக முன்னே தள்ளும்போது தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மெகசினிலிருந்து மேலே எழும் தோட்டாவின் விளிம்பு அந்த நகத்துக்கு அடியில் தானாக வழுக்கிச் சேரும். அந்தக் கணத்திலிருந்து தோட்டா போல்ட்டின் பிடியில் இருக்கிறது. பாதியில் மனம் மாறிப் பின்னால் இழுத்தால் தோட்டாவும் கூடவே வந்து வெளியே விழும். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் அநாதையாக நிற்காது. பின்னால் வந்த மலிவான வடிவங்களில் போல்ட் தோட்டாவைச் சும்மா தள்ளிக்கொண்டு போகும். முழுவதும் மூடும்போதுதான் கொக்கி பிடிக்கும். இரண்டும் வேலை செய்யும். ஆனால் கைக்கு வித்தியாசம் தெரியும், இந்த வித்தியாசத்துக்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் மவுசர் இயந்திரத்தை வாங்கித் தன் குழலையும் கட்டையையும் பொருத்தி ரைஃபிள்கள் செய்தது. சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907-இல் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது ரிக்பியின் .275 ரைஃபிள்தான். .275 என்பது 7×57 மவுசர் தோட்டாவுக்கு ரிக்பி வைத்துக்கொண்ட பெயர். பின்னாளில் கார்பெட் துப்பாக்கியைவிடக் கேமராவைத்தான் அதிகம் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார். ஆனாலும் அந்த ரைஃபிள் பத்திரமாகவே இருந்து, கடைசியில் ரிக்பி நிறுவனத்தின் கைக்கே திரும்பி வந்தது.

என்னைக் கேட்டால், இயக்கத்தின் வழவழப்புக்காக மட்டும் ஒன்று வாங்குவதாக இருந்தால் 1903-ஆம் ஆண்டு மான்லிஹர்-ஷோனாவர்தான். ஆஸ்திரியாவின் ஸ்டையர் தொழிற்சாலையில் செய்தது. மெகசினுக்குள் ஒரு சுழல் உருளை. ஐந்து தோட்டாவும் ஆளுக்கொரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், ஒன்றோடொன்று உரசாது. போல்ட்டை இழுத்துத் தள்ளினால் எண்ணெய் பூசிய கண்ணாடிமேல் விரல் ஓடுவதுபோல் இருக்கும். குழலின் நுனிவரை நீளும் மரக்கட்டையும், தட்டையான போல்ட் கைப்பிடியும் பார்த்த உடனே அடையாளம் சொல்லும்.

அமெரிக்க ரைஃபிள்களில் 1936-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70-ஐப் பாருங்கள். செலவைக் குறைக்க 1964-இல் அதன் வடிவத்தை மாற்றினார்கள்: மவுசர் பாணி நகம் போயிற்று, கட்டையில் கையால் வெட்டிய கட்டங்களுக்குப் பதிலாக அச்சில் அழுத்திய கட்டங்கள் வந்தன. சந்தையில் ‘1964-க்கு முந்தையது’ என்ற ஒரு வார்த்தைக்கே தனி விலை இருப்பது இதனால்தான். போல்ட்டைக் கையால் இழுக்காமல், டிரிகருக்குக் கீழே உள்ள நெம்பை ஆட்டும் லீவர் இயக்கம் பிடித்தவர்களுக்கு சாவேஜ் 99 நல்ல தேர்வு. அதிலும் சுழல் மெகசின்தான். இரட்டைக் குழல் ரைஃபிள் மட்டும் முதல் தடவை வேண்டாம். இரண்டு குழலும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் ஒரே இடத்தில் அடிக்கும்படி, ஒரு குறிப்பிட்ட தோட்டாவை வைத்துச் சுட்டுச் சுட்டுச் சரிசெய்திருப்பார்கள். வேறு தோட்டா போட்டால் இரண்டும் தனித்தனி வழியில் போகும். விலையும் மலைக்க வைக்கும்.

மூன்றாம் படி: தோட்டா

இதில் வேட்டைக்காரர்கள் சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள். 1911-இல் வந்த .416 ரிக்பி, 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் எல்லாம் வரலாற்றில் பெரிய பெயர்கள்தான். ஆனால் அவை காட்டெருமைக்கும் யானைக்கும் என்று செய்தவை. காகிதத்தில் ஓட்டை போட இவ்வளவு பலம் தேவையில்லை. .416 சுடும்போது தோளில் விழும் உதை .308 வின்செஸ்டரைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். நாலு தோட்டா சுட்டதும் தோள் வலிக்கும், ஐந்தாவதுக்குக் கண் தானாக மூடும், அதற்கப்புறம் ரைஃபிள் அலமாரிக்குப் போய்விடும்.

6.5×55, 7×57, .308 இந்த மூன்றில் ஒன்று கிடைத்தால் வேறு தேட வேண்டாம். உதை மிதமானது, மூன்றும் இன்னும் தொழிற்சாலைகளில் தயாராகின்றன. அரிதான பழைய தோட்டாவுக்கு அறை வெட்டிய ரைஃபிள் மலிவாகக் கிடைக்கும். ஏன் மலிவு என்பது முதல் பெட்டி தோட்டா தேடும்போது தெரிந்துவிடும். வெற்று உறையில் மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவை நீங்களே தயாரிக்கக் கற்றுக்கொள்ளத் தயார் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

நான்காம் படி: பழைய ரைஃபிளைச் சோதிப்பது

அவசரமே கூடாத இடம் இது. முதலில் ரைஃபிள் காலியா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் அறையைத் தொட்டுப் பாருங்கள். விற்பவர் உங்கள் கண்முன்னே பார்த்திருந்தாலும் நீங்களும் பாருங்கள். அதன்பின் ஜன்னல் பக்கம் எடுத்துப் போங்கள். கடையின் குழல்விளக்கில் பாதிக் குறை மறைந்துவிடும்.

திருகாணிகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நல்ல ரைஃபிளில் திருகாணித் தலையின் பள்ளங்கள் எல்லாம் குழலின் திசையில் ஒரே நேராக நிற்கும், ஓரங்கள் கூர்மையாக இருக்கும். பள்ளம் சிதைந்து உதடு பிதுங்கியிருந்தால் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்து யாரோ மல்லுக்கட்டியிருக்கிறார்கள். வெளியே அப்படிச் செய்தவர் உள்ளே என்னென்ன செய்தாரோ!

அடுத்து எழுத்துகள். குழலிலும் உடலிலும் பொறித்த பெயரும் எண்ணும் விளிம்பு மழுங்கி, திருகாணித் துளைகளின் ஓரம் கிண்ணம்போல் குழிந்திருந்தால், துருவை எடுக்கப் பஃப் சக்கரத்தில் பிடித்து மறுபடி நீலம் (இரும்புக்குக் கருநீல நிறம் தரும் மேற்பூச்சு) பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பளபளவென்று இருக்கும், மதிப்பு போயிருக்கும். உபயோகத்தில் இயல்பாகத் தேய்ந்த பழைய நீலம் இதைவிட ஆயிரம் மடங்கு மேல். டெலஸ்கோப் மாட்டுவதற்காகப் பின்னால் போட்ட துளைகளும், ரப்பர் பேட் வைக்க வெட்டிய கட்டையும் விலையைக் குறைக்கும். சுடுவதற்கு என்றால் இவை குறையே இல்லை. பேரம் பேச நல்ல வாய்ப்பு.

மரத்தில் மூன்று இடம்: போல்ட்டுக்குப் பின்னால் இரும்பு முடியும் இடம், கை பிடிக்கும் மெலிந்த கழுத்து, உதையைத் தாங்கும் இரும்புப் பல்லுக்குப் பின்பக்கம். விரிசல் வந்தால் இங்கேதான் வரும். கழுத்துப் பகுதி கறுத்து மெத்தென்று இருந்தால், பல வருடம் எண்ணெய் வழிந்து மரம் ஊறிப்போயிருக்கிறது. முடிந்தால் கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மரத்துக்குக் கீழே மறைந்த இரும்பில்தான் துரு நிம்மதியாக வளரும். 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் செய்த பிரவுனிங் துப்பாக்கிகள் சிலவற்றுக்கு உப்பு வைத்து உலர்த்திய வால்நட் மரம் போய்ச் சேர்ந்தது. வெளியே அழகு குலையாமல் இருக்க, உள்ளே உப்பு இரும்பை அரித்துக்கொண்டிருக்கும். அந்தக் காலத்துப் பிரவுனிங் என்றால் கட்டையைக் கழற்றாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குண்டைச் சுழலவைக்கும் சுழல்வரிகளின் ஓரம் கூர்மையாக, தரை சுத்தமாக இருக்க வேண்டும். பழைய தோட்டாக்களின் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது உப்பாகக் குழலில் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அன்றே தண்ணீர் விட்டுக் கழுவாதவர் கைக்குப் போன ரைஃபிள்களின் குழல் அம்மை வடுபோல் குழிந்திருப்பது அதனால்தான். லேசான குழிகள் இருந்தும் நன்றாகச் சுடும் குழல்கள் உண்டு. நுனி வட்டத்தில் சின்ன நசுங்கல் இருந்தால் மட்டும் குறி தவறும். ஆனால் அதைத் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் திருத்திவிட முடியும்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அழுத்தத்தைத் தாங்கும் என்று சோதித்துக் குழலில் குத்திய பரிசோதனை முத்திரைகளும் தோட்டாப் பெயரும் நீங்கள் வாங்கப்போகும் தோட்டாவோடு அப்படியே பொருந்த வேண்டும். 8×57 மவுசரில் இரண்டு அளவு உண்டு: பழையதில் குண்டின் விட்டம் 0.318 அங்குலம், பின்னால் வந்ததில் 0.323. வெளியே பார்த்தால் தோட்டா இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பெரிய குண்டை ஒடுங்கிய குழலில் சுட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். வாங்கிய பழைய ரைஃபிள் எதுவாக இருந்தாலும், முதல் தோட்டா சுடுவதற்கு முன் தகுதியான பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அறை அளவையும், போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளியையும் அளக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவை ரைஃபிளின் விலையோடு சேர்த்தே கணக்கு போடுங்கள்.

ஐந்தாம் படி: சுடுவது

மாதம் ஒருமுறையாவது சுடுதளத்துக்குக் கொண்டு போங்கள். காதுக்கு அடைப்பான் உள்ளே ஒன்று, மேலே மஃப் ஒன்று என இரண்டும் போடுங்கள். வேட்டை ரைஃபிளின் சத்தம் 160 டெசிபலை ஒட்டி வரும். 140-ஐத் தாண்டினால் ஒரே வெடியில்கூடக் காது நிரந்தரமாகக் கெடலாம். கண்ணாடியும் கட்டாயம்.

வேட்டை ரைஃபிளின் மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும். இலக்குத் துப்பாக்கிபோல் வரிசையாக இருபது சுடுவதற்கு அது செய்யப்படவில்லை. மூன்று சுடுங்கள், குழலைக் கையால் தொட்டுப் பாருங்கள், ஆறட்டும், மறுபடி மூன்று. மேசைமேல் வைத்து மட்டும் சுடாதீர்கள். நின்று, உட்கார்ந்து, மண்டியிட்டுச் சுடுங்கள். தோளுக்கு எடுத்த உடனே கண்ணும் குறியும் ஒரே கோட்டில் விழும்படி கட்டையை வடித்தவரின் திறமை அப்போதுதான் உங்களுக்குப் புரியும். குறிகளை 100 மீட்டருக்குச் சரிசெய்து வைத்துக்கொண்டால் போதும்.

மிருகமே இல்லாத வேட்டைச் சுடுதலுக்கு நல்ல மரபு இருக்கிறது. ஒலிம்பிக்கில் ஒருகாலத்தில் ‘ஓடும் மான்’ போட்டி இருந்தது. மான் வடிவப் பலகை ஒன்று திறந்தவெளியில் குறுக்கே ஓடும். சுமார் 100 மீட்டர் தூரத்திலிருந்து அதைச் சுட வேண்டும். ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1908-இல் தன் 60 வயதில் அதில் தங்கம் வென்றார். 1920-இல் 72 வயதில் குழுப் போட்டியில் வெள்ளி. விளையாட்டில் அவ்வளவு வயதில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. உங்கள் கிளப்பில் நகரும் இலக்கு இருந்தால் விடாதீர்கள்.

வீட்டில் போல்ட்டையும் டிரிகரையும் பழக வேண்டுமென்றால் போலித் தோட்டா போட்டுப் பழகுங்கள். நீங்கள் பழகுகிற அறைக்குள் எங்கேயும் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது; குழல் எப்போதும் பத்திரமான திசையில் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: பராமரிப்பு

சுட்ட அன்றே சுத்தம் செய்யுங்கள். போல்ட்டை எடுத்துவிட்டு, மேற்பூச்சுள்ள ஒற்றைக் கம்பியைப் பின்பக்கத்திலிருந்து விடுங்கள். முன்னாலிருந்து விட்டால் நுனி வட்டம் தேயும். கரைப்பான் நனைத்த துணி, வெண்கலத் தூரிகை, மறுபடி துணி. செம்பு கரைக்கும் திரவம் போட்டால் துணி நீலப்பச்சையாக வரும். அந்த நிறம் வராமல் போகும்வரை செய்து, உலர்ந்த துணியால் துடைத்து, கடைசியில் ஒரு துளி எண்ணெய். ஒரு துளி என்றால் ஒரு துளிதான். அளவுக்கு மீறிய எண்ணெய் கீழே இறங்கி மரத்தை ஊறவைக்கும். சுத்தம் செய்த முதல் நாள் ரைஃபிளைக் குழல் கீழே இருக்கும்படி வைப்பது இதற்கு நல்ல தடுப்பு. மறுபடி சுடப் போகும்போது அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிட்டுத்தான் தோட்டா போட வேண்டும்.

யாராவது பார்க்கக் கேட்டுத் தொட்டுப் பார்த்தால், அவர் போனபின் இரும்பு முழுவதையும் துடைத்துவிடுங்கள். விரல் வியர்வையின் உப்பு ஒரே ராத்திரியில் ரேகை பதிக்கும். நீண்ட நாள் தொடப்போவதில்லை என்றால் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்மெழுகை மெல்லியதாகப் பூசலாம்.

எண்ணெய் மெருகு போட்ட கட்டைக்கு வருடம் ஓரிரு முறை ஆளிவிதை எண்ணெய் சில துளிகள் போதும். உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்து, மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.

பழைய தோல் பெட்டி பார்க்க அழகாக இருக்கும். பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோலும் பஞ்சு உறையும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் செந்துரு காத்திருக்கும்.

ஏழாம் படி: பூட்டு

சுவரில் மாட்டி அழகு பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். தரையோடும் சுவரோடும் போல்ட் போட்ட எஃகு அலமாரி, உள்ளே ஈரப்பதமானி, சிலிக்கா ஜெல். ஈரப்பதம் 50 சதவிகிதத்தை ஒட்டி நின்றால் இரும்பும் துருப்பிடிக்காது, மரமும் வெடிக்காது. ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தாவிட்டால் அது வெறும் மூட்டைதான். தோட்டாக்கள் தனிப் பூட்டில், முடிந்தால் ரைஃபிளின் போல்ட்டும் தனியாக. சாவி எங்கே என்று உரிமம் உள்ளவரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. ‘பசங்களுக்குத் தெரியாது’ என்று நினைக்கிற இடம் பசங்களுக்குத் தெரிந்த இடம்தான்.

வீட்டில் யாராவது, நீங்களே ஆனாலும் சரி, மனம் உடைந்து இருக்கும் காலத்தில் ரைஃபிள் வீட்டில் இருக்கவே கூடாது. சட்டப்படி கிளப்பிலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ கொஞ்ச நாள் ஒப்படைத்து வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எத்தனை அருமையான ரைஃபிளாக இருந்தாலும் அந்த வீட்டிலுள்ள ஒருவருக்கு ஈடாகாது.

எட்டாம் படி: ஆவணமும் அடுத்த கையும்

வாங்கிய ரசீது, உரிம நகல், எண் தெரியும்படி எடுத்த படங்கள், செய்த பழுதுவேலைகளின் குறிப்பு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ரிக்பி, ஹாலண்ட் போன்ற பழைய நிறுவனங்களின் பேரேடுகளில் ரைஃபிள் எந்த வருடம், யாருக்காகச் செய்யப்பட்டது என்ற பதிவு இருக்கும். எண்ணைக் கொடுத்து எழுதிக் கேட்டுப் பாருங்கள். காப்பீடு எடுத்தால் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையாக எழுதி வாங்குங்கள்.

அப்புறம், உங்களுக்குப் பின்னால் இது யாரிடம் போகும் என்று இப்போதே எழுதிவையுங்கள். உரிமம் இல்லாத வாரிசு, துக்கத்துக்கு நடுவே பீரோவில் துப்பாக்கியோடு மாட்டிக்கொள்வது சட்டச் சிக்கல். யாரைக் கூப்பிட வேண்டும், எத்தனை நாளுக்குள் எங்கே ஒப்படைக்க வேண்டும், உத்தேச மதிப்பு என்ன என்று ஒரே தாளில் எழுதுங்கள். மதிப்பு தெரியாமல் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடப்பட்ட நல்ல ரைஃபிள்கள் ஏராளம். அந்தத் தாளைத் துப்பாக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். உயிலோடு சேர்த்து வையுங்கள்.